இரண்டாம் மாடிக் கழிப்பறைச் சாவி

மருத்துவமனை நிர்வாக வேலைக்கு வரும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த வேலையில் நான் செய்த தவறுகள் மொத்தம் ஆறு. இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். மற்ற ஐந்தும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தவறுகளே அல்ல.

1. பதினேழு வேகத்தடைகள்

வேலையில் சேர்ந்தபோது எனக்கு வயது அறுபத்திரண்டு. அதற்கு முன் முப்பத்து மூன்று ஆண்டுகள் மறைமலைநகர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டைம் ஸ்டடி பிரிவில் இருந்தேன். அசெம்பிளி லைனில் ஒரு ஆள் போல்ட்டை எடுக்க எத்தனை விநாடி, முடுக்க எத்தனை விநாடி, நிமிர்ந்து பெருமூச்சு விட எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு எழுதுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை. வீட்டில் குக்கர் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று எழுதி வைக்க ஆரம்பித்தேன். மனைவிதான் எங்கேயாவது வேலைக்குப் போகச் சொன்னாள்.

மாடம்பாக்கத்தில் என் வீட்டிலிருந்து மருத்துவமனை இருக்கும் ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பு வரை பதினேழு வேகத்தடைகள். முதல் நாள் ஷேர் ஆட்டோவில் போகும்போது எண்ணினேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், வாய்க்குள்ளயே மந்திரம் சொல்லிக்கினு வர்றே?"

"மந்திரம் இல்லப்பா. ஸ்பீட் பிரேக்கர எண்ணுறேன்."

"எண்ணி?"

பழக்கம் என்றேன். ஆனால் என் வயதுக்காரர்களுக்கு வேகத்தடை மீது அக்கறை வர வேறு காரணமும் உண்டு. எனக்குப் பிராஸ்டேட் தொந்தரவு. ஒரு நாளைக்குச் சராசரியாகப் பதினொரு முறை சிறுநீர் கழிக்கிறேன். இதுவும் எண்ணியதுதான். இந்தப் பதினொன்றை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனை நான்கு மாடி, தொண்ணூறு படுக்கை. நடத்துபவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். "நர்சிங் டூட்டி ரோஸ்டர், லீவு, யூனிஃபார்ம் மூணும் உங்க பொறுப்பு சார். ஃபேக்டரி டிசிப்ளின் கொண்டு வாங்க" என்றார். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். என் அறைக்குள்ளேயே கழிப்பறை இருக்க வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். மேசையிலிருந்து ஏழு தப்படி.

2. ஒன்பது நிமிடம்

முதல் மாதம் மாடி மாடியாக நின்று பார்த்தேன். இரண்டாம் மாடிதான் மெடிக்கல் வார்டு. இருபத்தெட்டு படுக்கை. காலை ஏழு முதல் மாலை மூன்று வரையிலான டூட்டியில் நான்கு பேர்: இன்சார்ஜ் ஒருவர், சீனியர் ஒருவர், புதிதாகச் சேர்ந்த பெண்கள் இருவர். புதியவர்களுக்கு ஆளுக்கு ஒன்பது, பத்து நோயாளிகள்.

நர்ஸ் ஸ்டேஷனை ஒட்டி ஊழியர் கழிப்பறை ஒன்று இருந்தது. நோயாளிகளோடு வரும் அட்டெண்டர்களும் அதில் புகுந்து அசிங்கம் செய்துவிடுகிறார்கள் என்று புகார். நான் பார்த்தது வேறு. ஒரு நர்ஸ் அங்கே போய்த் திரும்ப ஒன்பது நிமிடம் ஆகிறது. கதவைத் திறக்க, சுத்தம் செய்ய, வழியில் கூப்பிடும் அட்டெண்டருக்குப் பதில் சொல்ல என்று அந்த ஒன்பதைப் பிரித்து எழுதவில்லை. ஒன்பது என்று மட்டும் எழுதிக் கீழே கோடு போட்டேன்.

அடுத்த வாரம் பூட்டு வந்தது. சாவி இன்சார்ஜ் மேசையில். பக்கத்தில் ஒரு ரெஜிஸ்டர். நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். பெயர், போன நேரம், வந்த நேரம், கடைசியாக 'ரிலீவர் கையொப்பம்'. அதாவது, ஒருவர் போகும்போது அவருடைய நோயாளிகளை இன்னொருவர் பார்த்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட வேண்டும். தொழிற்சாலையில் எங்கள் ரெஜிஸ்டரில் இருந்த பத்தி இது. மிக நல்ல பத்தி. அப்படியே கொண்டு வந்தேன்.

இரண்டாம் மாடி இன்சார்ஜ் ரோஸ்லின் சிஸ்டர். இருபத்தாறு வருட சர்வீஸ். ரெஜிஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இந்தக் கடைசி காலம்ல, ரிலீவர் கட்டத்துல, யார் சைன் பண்றது?"

"ஃப்ரீயா இருக்கிறவங்க."

"ஃப்ரீயாவா?" என்றார். பிறகு ரெஜிஸ்டரை மேசையில் வைத்து, அதன் மேல் பேனாவை வைத்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் முன்னேற்றம் கண்கூடாகத் தெரிந்தது. முதல் வாரம் ஒரு டூட்டிக்கு எட்டுப் பதிவு, பிறகு ஐந்து, பிறகு மூன்று. அந்த மூன்றும் பெரும்பாலும் சீனியர்களுடையவை. புதிய பெண்களின் பெயர் அநேகமாக இல்லை. 'புதியவர்களிடம் ஒழுங்கு நன்கு பதிந்துள்ளது' என்று மாதாந்திரக் கூட்டத்தில் கிராஃப் போட்டுக் காட்டினேன். இறங்கிக்கொண்டே போகும் அழகான கோடு. காட்டிவிட்டு, கூட்டம் முடிவதற்குள் இரண்டு முறை வெளியே போய் வந்தேன். ரெஜிஸ்டர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

3. ஷூ பெரிது, சீருடை சின்னது

இளைஞர்களே, அடுத்த விஷயத்தை நான் கண் முன்னால் வைத்துக்கொண்டும் பார்க்கவில்லை.

அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த நர்ஸ்கள் பதினான்கு பேர். சேரும்போது சீருடைக்கும் வெள்ளை ஷூவுக்கும் அளவு எடுத்தோம். நான்கு மாதத்தில் மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பம் வர ஆரம்பித்தது. பதினான்கில் பதினொரு பேர். விசித்திரம் என்னவென்றால், எல்லோரும் ஷூவை ஒரு சைஸ் பெரிதாகவும், சீருடையை ஒரு சைஸ் சின்னதாகவும் கேட்டார்கள்.

'தம் அளவு தமக்கே தெரியாத தலைமுறை' என்று ஃபைலில் குறிப்பு எழுதினேன். என் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது.

எட்டு மணி நேரம் நின்றால் கால் வீங்கும், ஷூ பிடிக்கும். காலைச் சாப்பாடு பதினொன்றுக்கும், மதியச் சாப்பாடு நாலுக்கும் போனால் உடம்பு இளைக்கும், சீருடை தொளதொளக்கும். இரண்டு எண்ணும் என்னிடம்தான் இருந்தன. இரண்டையும் ஒரே ஆளின் உடம்பில் பொருத்திப் பார்க்கத் தெரியவில்லை. நான் போல்ட்டுகளைப் பார்த்துப் பழகியவன். போல்ட் இளைக்காது.

சிக் லீவும் கூடிக்கொண்டே போனது. வயிற்றெரிச்சல், இடுப்பு வலி, தலைச்சுற்றல், வாந்தி. எல்லாம் வெளியே தெரியாத நோய்களாக இருந்ததால் எனக்கு எரிச்சல். அதற்கும் ஒரு விதி போட்டேன். புதியவர்கள் முதல் நூற்று எண்பது நாளில் நாலு நாளுக்கு மேல் சிக் லீவு எடுத்தால் புரொபேஷன் மீண்டும் ஒன்றாம் நாளிலிருந்து தொடங்கும். லீவு உடனே குறைந்தது. இன்னொரு கிராஃப். இன்னொரு அழகான கோடு.

4. நூற்று எழுபத்தோராம் நாள்

இரண்டாம் மாடியில் சுகன்யா என்று ஒரு பெண். கோவளத்துக்காரி. அம்மா கடற்கரையில் மீன் விற்கிறவர். மருத்துவமனை ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். வேகமாக நடப்பாள், மெதுவாகப் பேசுவாள். டயாலிசிஸ் பயிற்சிக்காகவே எங்களிடம் சேர்ந்ததாக நேர்முகத் தேர்விலேயே சொன்னாள். அந்தப் பயிற்சி ஆண்டுக்கு ஒரு முறைதான். புரொபேஷன் முடிந்து நிரந்தரமானவர்களுக்கு மட்டும். அவளுக்கு நூற்று எண்பது நாள் முடிந்த மறு வாரம் வகுப்பு தொடங்குவதாக இருந்தது.

வாந்தி, வயிற்றெரிச்சல் என்று நாலு நாள் சிக் லீவை முன்பே எடுத்திருந்தாள். பாக்கி பூஜ்யம். இது எனக்குத் தெரியும். அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

நூற்று எழுபதாம் நாள் காலை லிஃப்டில் அவளைப் பார்த்தேன். மே மாதம். சீருடைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"என்னம்மா, வார்டுல ஏசி ரொம்ப குளிருதா?"

"ஆமா சார்" என்றாள். பல் லேசாக அடித்துக்கொண்டது.

"இரு, ரெண்டு டிகிரி ஏத்தச் சொல்றேன்."

"தேங்க்ஸ் சார்."

சொன்னபடி ஏற்றச் சொன்னேன். அன்று முழுக்க என்னை நினைத்து நானே பெருமைப்பட்டேன். ஊழியர் நலனில் அக்கறையுள்ள அதிகாரி.

மறுநாள் காலை பதினொன்று இருபதுக்கு, ஏழாம் எண் படுக்கையில் ஒரு பாட்டியம்மாவுக்கு பி.பி. பார்த்துக்கொண்டிருந்த சுகன்யா அப்படியே சரிந்தாள். பாட்டியம்மாதான் மணியை அழுத்திக் கத்தினாராம்: "அய்யய்யோ, பொண்ணு வுயுந்துட்சி, யாராச்சும் வாங்களேன்!" நான் மேலே போய்ச் சேர்ந்தபோது அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியிருந்தார்கள். உடம்பு கொதித்தது. கண்ணைத் திறக்காமலே ரோஸ்லின் சிஸ்டரிடம் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"ஏழாம் பெட்டுக்குப் பதினொன்றரை ஆன்டிபயாடிக் இன்னும் போடலையாம்" என்றார் சிஸ்டர். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சிறுநீர்த் தொற்று. கவனிக்காமல் விட்டதால் கிட்னி வரை ஏறிவிட்டது. மூன்று நாளாகக் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு டூட்டி பார்த்திருக்கிறாள். குறைந்தது ஏழு நாள் படுக்கையில் வைத்து நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். கீழே என் அறைக்கு வந்து விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். நாலும் ஏழும் பதினொன்று. மறுபடியும் பதினொன்று. என் விதிப்படி சுகன்யா ஒன்றாம் நாளுக்குப் போகிறாள். டயாலிசிஸ் வகுப்பு இந்த ஆண்டு இல்லை.

5. ரோஸ்லின் சிஸ்டரின் சார்ட்

சாயங்காலம் டூட்டி முடிந்து ரோஸ்லின் சிஸ்டர் என் அறைக்கு வந்தார். கையில் ஒரு சார்ட்.

மருத்துவமனையில் எனக்கு மிகவும் பிடித்த தாள் அதுதான். இன்டேக்-அவுட்புட் சார்ட். நோயாளி குடித்தது எத்தனை மில்லி, ஏற்றிய சலைன் எத்தனை மில்லி, வெளியேறிய சிறுநீர் எத்தனை மில்லி என்று மணிவாரியாக நர்ஸ்கள் எழுதுவார்கள். என்னைவிட நுணுக்கமாக எண்ணுகிற ஓர் இனம் உலகத்தில் இருக்கிறது என்று முதல் தடவை பார்த்தபோது மெய்சிலிர்த்தேன்.

"இது யாரோட சார்ட் சிஸ்டர்?"

"படிச்சுப் பாருங்க சார்."

படித்தேன். காலை ஆறு நாற்பது: காபி, நூறு மில்லி. பத்தேகால்: தண்ணீர் இரண்டு மடக்கு, மாத்திரையோடு, நாற்பது மில்லி. பிறகு மாலை மூன்று மணி வரை இன்டேக் இல்லை. அவுட்புட் பக்கம், ஏழு மணியிலிருந்து மூன்று மணி வரை எட்டுக் கட்டங்கள். எட்டிலும் பூஜ்யம்.

"எட்டு மணி நேரமா? இந்த பேஷன்ட்டுக்கு டாக்டரைக் கூப்பிடலையா?"

"பேஷன்ட்டா இருந்தா நாலாவது மணிலயே போன் பண்ணியிருப்பேன் சார். இது சுகன்யா. நேத்தைய டூட்டிக்கு அவகிட்டயே கேட்டு எழுதினேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "சாவி உங்க மேசைலதான இருக்கு? வேணும்னா எடுத்துட்டுப் போக வேண்டியதுதான? யார் வேணாம்னா?" என்றேன்.

"கடைசி காலம் சார்" என்றார் அவர். "ரிலீவர் சைன். பத்து பேஷன்ட்ட விட்டுட்டுப் போக இன்னொருத்தி சைன் பண்ணணும். அவளுக்கும் பத்து இருக்கு. எப்படிப் பண்ணுவா? சீனியர்னா தைரியமா எழுதிட்டுப் போயிடுவாங்க. சின்னப் பொண்ணுங்க ரவுண்ட்ஸ் டாக்டர் முன்னாடி நின்னு அந்த நோட்டுல பேர் எழுதுமா? அதனால போறதில்ல. போக வேணாம்னு தண்ணி குடிக்கிறதில்ல. சுகன்யா மட்டும் இல்ல சார், புதுசு எல்லாமே அப்படித்தான். உங்க கிராஃப் இறங்குச்சே, அது இதான்."

கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஃபேக்டரில யார் சார் சைன் பண்ணுவாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொழிற்சாலையில் ஒவ்வொரு லைனுக்கும் ரிலீவர் என்று ஓர் ஆள் இருந்தார். அவருக்கு வேறு வேலை கிடையாது. யாராவது கையைத் தூக்கினால் அந்த இடத்தில் போய் நிற்பார். அந்த ஆளுக்காகத்தான் அந்தப் பத்தி. நான் பத்தியைக் கொண்டு வந்தேன். ஆளைக் கொண்டு வரவில்லை. முப்பத்து மூன்று வருட அனுபவம்.

சிஸ்டர் போன பிறகு ஏழு தப்படி நடந்து கழிப்பறைக்குப் போனேன். அன்றைக்கு ஒன்பதாவது முறை. இந்த முறை எண்ணியபோது கூசியது.

6. படுக்கை எண் பன்னிரண்டு

இவ்வளவு தெரிந்த பிறகும் மறுநாள் காலை நான் செய்தது என்ன தெரியுமா? விதிப்படி கடிதத்தை டைப் செய்தேன். 'தங்கள் புரொபேஷன் காலம் மீண்டும் ஒன்றாம் நாளிலிருந்து கணக்கிடப்படும்.' விதி போட்டவனே விதியை மீறினால் எப்படி என்று ஒரு பயம். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனேன்.

பன்னிரண்டாம் எண் படுக்கையில் சுகன்யா தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஸ்டூலில் ஐம்பது வயதுக்கு மேல் ஓர் அம்மா. கோவளத்திலிருந்து நாலு பஸ் மாறி வந்திருந்தார்.

"வா சார், குந்து. நீ இன்னா, பக்கத்து பெட்டா?"

நான் 'ஆமாம்' என்பதுபோலும் 'இல்லை' என்பதுபோலும் தலையை ஆட்டினேன். உட்கார்ந்தேன். படுக்கையின் கால்மாட்டில் சார்ட் தொங்கியது. இன்டேக், அவுட்புட், எல்லாக் கட்டத்திலும் எண்கள். விழுந்த பிறகு மணிக்கு மணி எண்ணுகிறோம்.

"எம் பொண்ணு சார். இங்கயே நர்சு. நர்சுக்கே ஊசி போட்டு வெச்சிகிறாங்க பாரு" என்றார் அம்மா. "மூணு நாளு ஜொரத்தோட வேலை செஞ்சிக்கினு இருந்துகிது. போன்ல கேட்டா நல்லாகிறேன்னு சொல்லுது. லீவு போட்டா மறுக்கா ஒண்ணாம் நாளாம். பரமபதம் மாதிரி, பாம்பு கட்ச்சி கீழ வுயணுமாம்."

எனக்குச் சிறுநீர் முட்டியது. "ஒரு நிமிஷம்மா" என்று எழுந்து அட்டெண்டர் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தேன்.

"இன்னொண்ணு கேளு சார். இங்க ஒரு கெய்வன் கீறானாம். டோல்கேட்டுன்னு பேரு வெச்சிகிதுங்க பொண்ணுங்கோ."

"டோல்கேட்டா?"

"ஒண்ணுக்குப் போற ரூமுக்கு பூட்டு போட்டுகிறானே, அதான். நோட்டுல பேரு எய்தி, டைமு எய்தி, கையெய்த்து வாங்கினுதான் போவணுமாம். ஜிஎஸ்டி ரோட்ல லாரிக்காரன் கூட இவ்ளோ பேஜாரு படமாட்டான்."

எனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். ஆறு மாதமாக மாடிப்படியில் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்ததை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

"நீயே சொல்லு சார். நானு இருவது வர்சமா மீன் கூடை வெச்சிக்கினு ரோட்டோரம் குந்தினு கீறேன். எனக்கு வந்துட்சின்னா பக்கத்துல குந்தினு கீறவ கூடைய பாத்துப்பா. அவளுக்கு வந்தா அவ கூடைய நான் பாத்துப்பேன். காக்காய வெரட்டிக்கினு ரெண்டு கூடைக்கும் ஒரே ஆளு. இதுக்கு இன்னாத்துக்கு நோட்டு?"

அதாவது, கடற்கரையில் கூட ஒரு ரிலீவர் இருக்கிறார்.

மறுபடியும் எழுந்து போக வேண்டியிருந்தது. பதற்றம் வந்தால் எனக்கு இடைவெளி குறையும். திரும்பி வந்தபோது அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னா சார், சுகரா?"

"இல்லம்மா. பிராஸ்டேட்."

"பாவம். அடக்காத சார். எம் பொண்ண பாத்தல்ல."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அம்மா, அந்த டோல்கேட் நான்தான்" என்றேன்.

அவர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஆச்சரியம் வந்தது.

"நீயா? நீயே இப்ப ரெண்டு தபா போய்ட்டு வந்தியே சார்!"

வார்டு முழுக்கக் கேட்டது. ஸ்டேஷனில் ஊசி மருந்தை எடுத்துக்கொண்டிருந்த ரோஸ்லின் சிஸ்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. பிறகு அம்மா இன்னும் சில வார்த்தைகள் சொன்னார். அவை எத்தனை என்று எண்ணினேன். இங்கே எழுத மாட்டேன். எல்லாமே நியாயமானவை.

சத்தத்தில் சுகன்யா விழித்துக்கொண்டாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். சலைன் குழாய் இழுபட்டது.

"சார், இன்னும் ஒம்போது நாள்தான் சார் இருந்துச்சு" என்றாள். காய்ச்சலால் உதடு வெடித்திருந்தது. "மாத்திரை போட்டு ஓட்டிடலாம்னு நெனச்சேன். லெட்டரா சார்?"

பையில் இருந்த கடிதத்தின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. உள்ளே தள்ளினேன்.

"இல்லம்மா. ஆட்டோக்காரன் குடுத்த நோட்டீஸ்" என்றேன். மருத்துவமனையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று சொல்ல ஆசை. இல்லை, நாலாவது.

7. காரணம்

பெரிய டாக்டரிடம் போனேன். பூட்டை எடுக்கிறேன் என்றேன். தலையாட்டினார். காலை ஒரு ஆள், மாலை ஒரு ஆள், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் பொதுவாக, எந்த நோயாளியும் ஒதுக்காமல் ரிலீவர் நர்ஸ் வேண்டும் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"சும்மா நிக்கறதுக்கு ஒரு ஸ்டாஃபா? நீங்களா கேக்கறீங்க?"

"சும்மா இல்ல டாக்டர். மத்தவங்க சாப்பிட, தண்ணி குடிக்க, போய்ட்டு வர. அந்த நேரத்துல அவங்க பேஷன்ட்ட இவங்க பாப்பாங்க."

"பாக்கலாம். அந்தப் பொண்ணு லெட்டர்?"

இங்கேதான் முப்பத்து மூன்று வருடம் முதல் தடவையாக உதவியது. தொழிற்சாலையில் லைனில் வேலை செய்யும்போது கை நசுங்கினால் அதற்காக எடுக்கும் விடுப்பைச் சிக் லீவில் சேர்க்க மாட்டோம். அது பணியிட விபத்து. தனி ரெஜிஸ்டர். நாள் கணக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

"இதையும் அப்படி எழுதணும் டாக்டர். இந்த ஏழு நாள் அவ வீட்ல இருந்து கொண்டு வந்த நோய் இல்ல. இங்க வேலை செஞ்சு வந்தது."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "யோசிச்சுதான் பேசறீங்களா? விபத்துன்னு எழுதினா, காரணம்னு ஒரு காலம் இருக்கும். அதுல என்ன எழுதுவீங்க? ஆஸ்பத்திரின்னு எழுதுவீங்களா?"

உண்மையில் நான் அதுவரை யோசிக்கவில்லை. அந்தப் பத்தியை நானே எத்தனையோ முறை நிரப்பியிருக்கிறேன். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்றுதான் பெரும்பாலும் எழுதினேன்.

"என் ஆர்டரை எழுதறேன் டாக்டர்" என்றேன். "பூட்டு, ரெஜிஸ்டர், ரிலீவர் கையொப்பம், நாலு நாள் விதி. கீழ என் கையெழுத்து."

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. முதல் தடவையாக ஒரு மௌனத்தை எத்தனை விநாடி என்று பார்க்காமல் இருந்தேன். மணி பார்க்கப் பயமாக இருந்தது என்பதுதான் சரி.

"அப்புறம் நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தா நீங்கதான் சார் பதில் சொல்லணும்."

"சொல்றேன்."

"எழுதுங்க."

புது ரெஜிஸ்டர் வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, முதல் பதிவை எழுதினேன். பாதிக்கப்பட்டவர்: சுகன்யா, ஸ்டாஃப் நர்ஸ். இடம்: இரண்டாம் மாடி. காரணம் என்ற கட்டத்தில் இடம் போதவில்லை. நிர்வாக அலுவலர் என்று என் பதவியை எழுதி, நான் போட்ட உத்தரவுகளின் தேதிகளை எழுதினேன். சட்டைப் பையில் இருந்த அந்தக் கடிதத்தைக் கிழித்து நாலாக்கினேன். எட்டாக்கினேன்.

சுகன்யா ஏழு நாள் இல்லை, எட்டு நாள் படுத்திருந்தாள். திரும்பி வந்து மீதி ஒன்பது நாளையும் முடித்தாள். டயாலிசிஸ் வகுப்பு தொடங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. 'அந்த ஐந்து நாள் பாடத்தை நானே சொல்லித் தருகிறேன்' என்று ரோஸ்லின் சிஸ்டர் எழுதிக் கொடுத்து அவளைச் சேர்த்துவிட்டார். உடம்பு முழுசாகத் தேற மூன்று மாதம் பிடித்தது. அதற்கு நான் பதிவு வைத்திருக்கிறேன். வேறு எதற்கும் இல்லை, மறக்காமல் இருக்க.

8. ரிலீவர் வந்த நாள்

பெரிய டாக்டர் கடைசியில் சம்மதித்தார். முதல் ரிலீவர் நர்ஸ் டூட்டிக்கு வந்த அன்று, காலை எட்டு மணிக்கே இரண்டாம் மாடியில் போய் நின்றேன். டாக்டர் தலையாட்டிய அன்றே திறந்துவிட்டிருந்த பூட்டை நானே கொக்கியிலிருந்து கழற்றினேன். பழைய ரெஜிஸ்டரை எடுத்துவிட்டேன். பிறகு வராந்தாவில் ஒரு தூண் ஓரமாக, சின்ன நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டேன். இத்தனை பாடுபட்ட பிறகு, எத்தனை பேர் போகிறார்கள் என்று தெரிய வேண்டாமா? இந்த முறை ஏறிக்கொண்டே போகும் கோடு ஒன்று போடலாமே.

எட்டரை ஆனது. ஒன்பது ஆனது. ஒருத்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடினாள். இன்னொருத்தி கழிப்பறைக் கதவு வரை வந்துவிட்டு, ஏதோ மறந்ததுபோல் திரும்பிப் போனாள்.

ரோஸ்லின் சிஸ்டர் கையில் டிரேயோடு பக்கத்தில் வந்தார்.

"சார், நோட்டு எதுக்கு?"

"சும்மா. எத்தனை பேர்னு..."

"நீங்க இங்க நின்னா சாயங்காலம் வரைக்கும் ஜீரோதான் சார் வரும். கீழ போங்க."

இளைஞர்களே, நான் கற்ற பாடம் சுருக்கமானது. ஓர் எண் குறைந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், அது எந்த உடம்பிலிருந்து குறைந்தது என்று கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால், நீங்கள் இன்றைக்கு எத்தனை முறை எழுந்து போனீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். முப்பத்தெட்டுப் படி. பாதியில் நின்றேன். மேலே அந்தக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை. பிறகு வேகமாக இறங்கிவிட்டேன். அன்றைக்கு எத்தனை முறை அந்தக் கதவு திறந்தது என்று எனக்குத் தெரியாது.